வெறுவாய்ச் செவ்வாய்: லண்டன் பிளிட்ஸ் விடுதியும் நியூ ரொமான்டிக் அலையும்

செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். லண்டன் மதுவிடுதிக்காரர்களுக்கு அந்தச் சொலவடை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்களுடைய கணக்குப் புத்தகம் வாராவாரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளி, சனி இரவுகளில் நிற்க இடமில்லாத விடுதியில் செவ்வாய் இரவு ஈ ஓட்டுவார்கள். கோவென்ட் கார்டன் பகுதியில், கிரேட் குயின் ஸ்ட்ரீட்டில் 'பிளிட்ஸ்' என்றொரு மதுவிடுதி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்த நாட்களை நினைவூட்டும் பெயர். உள்ளே அலங்காரமும் போர்க்காலத்து அலங்காரம்தான். 1979 பிப்ரவரியில் அந்த விடுதி தன் செவ்வாய் இரவுகளை ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச், ரஸ்டி ஈகன் என்ற இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைத்தது. வாசலில் வாங்கும் நுழைவுக் கட்டணம் அவர்களுக்கு, உள்ளே மது விற்ற பணம் விடுதிக்கு என்பது ஏற்பாடு. 1980 அக்டோபரோடு அது முடிந்துவிட்டது.

வாரத்துக்கு ஓர் இரவு, 20 மாதங்கள். நூறு இரவுகள்கூடத் தேறாது. அந்த நூறுக்கும் குறைந்த இரவுகளிலிருந்துதான் 'நியூ ரொமான்டிக்' என்று பிறகு பெயர் சூட்டப்பட்ட அலை கிளம்பியது. ஆண்கள் கண்மை தீட்டிக்கொண்டார்கள், கழுத்திலும் மணிக்கட்டிலும் கொசுவம் தொங்கும் சட்டைகளைப் போட்டுக்கொண்டார்கள், சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள், எம்டிவி என்ற பாட்டு வீடியோ தொலைக்காட்சி வழியாக அமெரிக்கா வரை போனார்கள். பாப் வரலாறுகள் இதை ஓர் இசை இயக்கமாகவே எழுதுகின்றன. அந்த வரிசை தவறு என்று எனக்குப் படுகிறது. இங்கே முதலில் வந்தது துணி. துணி ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. அந்தக் கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பாட்டு கடைசியில்தான் வந்தது.

பங்க் சீருடையானபோது

ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சின் இயற்பெயர் ஸ்டீவன் ஹாரிங்டன். 1959இல் தெற்கு வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றிலுள்ள நியூபிரிட்ஜில் பிறந்தவர். 1976இல், 'பங்க்' என்ற முரட்டு ராக் இசையைப் பரப்பிய செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு அருகிலுள்ள கேர்ஃபிலி ஊருக்கு வந்து பாடியபோது போய்ப் பார்த்தார். அதன்பின் ஊரில் இருப்புக் கொள்ளவில்லை, பதின்ம வயதிலேயே லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டாளி ரஸ்டி ஈகன் லண்டன்காரர், ட்ரம்ஸ் வாசிப்பவர். செக்ஸ் பிஸ்டல்ஸிலிருந்து விலகிய கிளென் மேட்லாக் தொடங்கிய ரிச் கிட்ஸ் குழுவில் இருந்தார். அதே குழுவில் பாடிக்கொண்டிருந்தவர் மிட்ஜ் யூர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பங்க் கிளம்பிய புதிதில் அதற்குள் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். கோபத்தைக் கொட்ட வந்தவர்கள் ஒரு பக்கம். தன்னைத்தானே புதிதாக ஜோடித்துக்கொள்ள வந்தவர்கள் இன்னொரு பக்கம். 1978 வாக்கில் முதல் வகையினர் ஜெயித்துவிட்டார்கள். தோல் ஜாக்கெட், ஊக்கு, கிழிந்த பனியன் என்று பங்க் ஒரு சீருடையாகிப்போனது. சீருடையிலிருந்து தப்பிக்க வந்தவனுக்கு இன்னொரு சீருடையை மாட்டிவிட்டால் அவன் என்ன செய்வான்? வேறு இடம் தேடுவான்.

அந்த வேறு இடம் முதலில் சோஹோவில் டீன் ஸ்ட்ரீட்டில் இருந்த 'பில்லீஸ்' என்ற கீழ்த்தள விடுதி. 1978 இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரேஞ்சும் ஈகனும் செவ்வாய்தோறும் அங்கே 'போவி இரவு' நடத்தினார்கள். பாடகர் டேவிட் போவியை ஏன் குலதெய்வமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்களில் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 1972 ஜூலையில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி பல நிறத்தில் உடையணிந்து, சிவந்த தலைமுடியோடு, கிதார்க்காரர் மிக் ரான்சனின் தோளில் கைபோட்டபடி பாடினார். அப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று வயது. வீட்டுக் கூடத்தில் அப்பா முகம் சுளித்ததும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமல்ல என்று சட்டம் மாறி அப்போது ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன, அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

சில மாதங்களில் பில்லீஸ் உரிமையாளரோடு மனத்தாங்கல் வந்தது. கூட்டம் அப்படியே பிளிட்ஸுக்கு நகர்ந்தது.

சும்மா கிடந்த இடங்கள்

இந்தக் கதையில் கலைஞர்களைவிட எனக்குச் சுவாரசியமாக இருப்பது வாடகை. கோவென்ட் கார்டனில் நூற்றாண்டுகளாக இருந்த பழம், காய்கறி மொத்தச் சந்தை 1974இல் தேம்ஸுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்கு மாற்றப்பட்டது. கிடங்குகள் காலியாயின. பழைய சந்தைக் கட்டடம் கடைவீதியாக மறுபடி திறக்க 1980 ஆனது. இடைப்பட்ட ஆறாண்டுகள் லண்டனின் நட்டநடுவில் ஒரு பகுதி ஏறக்குறையச் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடத்துக்குத்தான் காசில்லாதவர்கள் வர முடியும். ஸ்ட்ரேஞ்ச் வேலை பார்த்த 'பிஎக்ஸ்' உடைக்கடையும் அங்கேதான் தொடங்கியது.

நடந்து போகும் தூரத்தில் சேரிங் கிராஸ் ரோட்டில் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. அன்றைய பிரிட்டனில் கல்லூரிக் கட்டணத்தை மாணவர் கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் அரசு உதவித்தொகை வேறு. தங்கலுக்குக்கூடப் பலர் செலவழிக்கவில்லை. வாரன் ஸ்ட்ரீட்டில் பராமரிப்பின்றிப் பூட்டிக் கிடந்த பழைய ஜார்ஜியன் காலத்து வீடுகளில் குடிபுகுந்துவிட்டார்கள். ஆளில்லாத வீட்டில் அப்படிக் குடியேறுவது அன்று இங்கிலாந்தில் கிரிமினல் குற்றமல்ல, 2012இல்தான் குற்றமாக்கினார்கள். பின்னாளில் பாய் ஜார்ஜ் என்று உலகம் அறிந்த ஜார்ஜ் ஓ'டவுட், பாடகர் மெரிலின், தொப்பிக் கலைஞர் ஸ்டீபன் ஜோன்ஸ் எல்லாம் அந்த வீடுகளில் இருந்தவர்கள்.

துணியும் அப்படியே. ராணுவத்தில் கழித்துப்போட்ட உடைகளை விற்ற 'லாரன்ஸ் கார்னர்' கடை வாரன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்திய பழந்துணிக் கடைகள் ஊரெங்கும். நாடகக் கம்பெனி உடைகள் மலிவாக ஏலம் போகும்போது விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் பாவாடையாயின. கல்லூரித் தையல் இயந்திரம் இலவசம்.

நாடு அப்போது எப்படி இருந்தது? 1978-79 குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். குப்பை அள்ள ஆளில்லை. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டு ஏறத்தாழ 13 லட்சமாக இருந்த வேலையில்லாதோர் எண்ணிக்கை 1982 தொடக்கத்தில் 30 லட்சத்தைத் தாண்டியது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வெளியே வந்த சுரங்கத் தொழிலாளி மகனுக்கு வேலை கிடைக்காது என்பது உறுதியாகத் தெரியும். வேலை இல்லையென்றால் நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு தொப்பியைத் தைக்கலாம்.

வாசல்

பிளிட்ஸின் கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது வாசல்தான். ஸ்ட்ரேஞ்ச் வாசலில் நிற்பார், வாராவாரம் ஒரு வேடத்தில். வருகிறவனை ஏற இறங்கப் பார்ப்பார். பணம், பதவி, புகழ் எதுவும் அங்கே செல்லாது. ஆள் பாதி ஆடை பாதி என்பது நம் கணக்கு. அந்த வாசலில் ஆடைக்கு முக்கால் பங்கு. ஜீன்ஸ் போட்டு வந்தவன் திரும்பிப் போக வேண்டியதுதான். கன்னியாஸ்திரீ உடையில் வந்த இளைஞன், ரஷ்யக் குதிரைவீரன், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபு, வெள்ளை மாவு அப்பிய முகத்தில் கறுப்பு உதடு வரைந்த பெண், இவர்களுக்கு வாசல் திறந்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் ஓரிரவு வந்து திருப்பி அனுப்பப்பட்ட கதையைச் சொல்லாதவர் இல்லை. கதை ஒன்று, காரணம் பல. உடை சரியில்லை என்பார்கள் சிலர். குடித்திருந்தார் என்பார்கள் சிலர். உள்ளே ஆட்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் உரிமம் போய்விடும் என்று எச்சரிக்கை வந்திருந்தது, அதனால்தான் என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அந்தக் கடைசிக் காரணம்தான் நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே அது எடுபடவில்லை. உலகப் புகழ்பெற்ற கோடீஸ்வரப் பாடகரைச் சுரங்கத்து ஊர்ப் பையன் வாசலில் நிறுத்தினான் என்பது எத்தனை நல்ல செய்தி! தீயணைப்பு விதியை எழுதி எந்தப் பத்திரிகையும் விற்காது.

இந்த வாசல் கொடூரமானதா? ஆம். குளிரில் மணிக்கணக்காக நின்று அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அது என்ன வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போன வாரம் போட்டதை இந்த வாரம் போட்டால் மதிப்பில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை என்பது வாராவாரம் வரும் தேர்வானது. புதன் காலையிலிருந்து அடுத்த உடைக்கான யோசனை. எந்தக் கல்லூரியும் மாணவர்களிடம் அந்த வேகத்தில் வேலை வாங்கியதில்லை. ஸ்டீபன் ஜோன்ஸ், ஸ்டீபன் லினார்ட், மெலிஸா கேப்லன் போன்ற பெயர்கள் பிறகு உடை உலகில் நிலைத்ததற்கு அந்த வாராந்தரப் பயிற்சிக்கும் பங்குண்டு. ஜோன்ஸ் 1979இல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்து முடித்தார். 1980இல் பிஎக்ஸ் கடையின் கீழ்த்தளத்தில் தொப்பிக்கூடம் திறந்தார். அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் எல்லாரும் செவ்வாய் இரவு வரிசையில் நின்றவர்கள்தான்.

உள்ளே கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை பார்த்தவர் பாய் ஜார்ஜ். இசைத்தட்டு போட்டவர் ஈகன். இந்த ஈகனைப் பலரும் ஸ்ட்ரேஞ்சின் நிழலாகப் பார்க்கிறார்கள், அது அநியாயம். அவர் போட்ட தட்டுகளின் வரிசை அன்றைய லண்டனில் வேறெங்கும் கிடைக்காது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க், இத்தாலியரான ஜார்ஜியோ மொரோடர், ஜப்பானின் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா, பெல்ஜியத்தின் டெலெக்ஸ், நடுநடுவே போவியும் ராக்ஸி மியூசிக்கும். அமெரிக்க ராக் அறவே இல்லை. பெர்லின் மீது அந்தக் கூட்டத்துக்கு ஒரு மயக்கம். போவி 1970களின் பிற்பகுதியில் அங்கே போய்த் தங்கி இசைத்தட்டுகள் செய்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை சிந்தசைசர் என்றால் பணக்காரக் குழுக்களின் அறை நிறைந்த சாமான். 1970களின் கடைசியில் ஜப்பானியக் கம்பெனிகள் சின்னச் சின்ன இயந்திரங்களை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. தாளத்தை நாமே பதிந்துவைக்கக்கூடிய ரோலண்ட் சிஆர்-78 ட்ரம் மெஷின் 1978இல் வந்தது. பத்தாண்டு கிதார் பழகாதவனும் ஒரு விரலால் பாட்டுக் கட்டலாம் என்றானது. வாத்தியக்காரர்களுக்கு வந்த பயம் லேசானதல்ல. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசருக்கும் ட்ரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. விசைத்தறியைக் கண்டு பயந்த நெசவாளர் கதைதான்.

போவி வந்தார்

1980இல் ஓரிரவு குலதெய்வமே நேரில் வந்தது. போவி பிளிட்ஸுக்கு வந்து பார்த்துவிட்டு, தன் புதிய பாடலான 'ஆஷஸ் டு ஆஷஸ்' வீடியோவில் நடிக்க ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்தார். வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்று கனவு கண்டவர்களைப் பஸ் கொண்டுபோய் இறக்கியது இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸ் பக்கத்துக் கடற்கரை ஒன்றில். சம்பளம் ஆளுக்கு 50 பவுண்டு. அவர்கள் அணிந்திருந்த கறுப்பு அங்கிகள் ஜூடித் ஃபிராங்க்லண்ட் என்ற மாணவி தன் இறுதியாண்டுப் படிப்புக்காகத் தைத்தவை.

வீடியோவில் போவி வெள்ளைக் கோமாளி உடையில் முன்னே நடக்க, நால்வரும் பின்தொடர, அவர்களுக்குப் பின்னால் ஒரு புல்டோசர் ஊர்ந்து வரும். ஓரிடத்தில் ஸ்ட்ரேஞ்ச் குனிந்து கையை வீசுவார். அர்த்தம் தேடிக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. அங்கியின் ஓரம் புல்டோசரில் சிக்கிக்கொள்ளாமல் இழுத்துவிட்டதுதான் அது என்று ஸ்ட்ரேஞ்ச் பிறகு சொல்லிச் சிரித்தார்.

பாடல் ஆகஸ்டில் வெளியாகிப் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நூறு பேருக்குத் தெரிந்திருந்த முகங்களை நாடே வரவேற்பறையில் பார்த்தது. இதன் வரிசையைக் கவனியுங்கள்: பிளிட்ஸ் ஆட்கள் தங்கள் சொந்தப் பாடலால் தெரியவந்ததற்கு முன்பே இன்னொருவர் பாடலில் உடையாகத் தெரியவந்துவிட்டார்கள்.

அளவெடுத்துத் தைத்த பாட்டு

கூட்டம் இருக்கிறது, உடை இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். மேடையில் ஏற்ற ஒரு குழு மட்டும் இல்லை. அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஸ்பான்டாவ் பாலே. வடக்கு லண்டனில் இஸ்லிங்டன் பகுதியின் உழைக்கும் வர்க்கப் பையன்கள். கேரி கெம்ப், அவர் தம்பி மார்ட்டின் கெம்ப், பாடகர் டோனி ஹேட்லி, ஸ்டீவ் நார்மன், ஜான் கீபிள். முன்பு வேறு பெயர்களில் கிதார் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள். செவ்வாய் இரவுகளைப் பார்த்ததும் கேரி கெம்ப் ஒரு சிந்தசைசர் வாங்கிப் பாட்டுகளையே மாற்றி எழுதினார். 1979 டிசம்பரில் பிளிட்ஸில் பாடினார்கள். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் கிறிஸ் பிளாக்வெல் அன்றிரவே ஒப்பந்தம் பேச முன்வந்தார், இவர்கள் மறுத்துவிட்டார்கள்!

மறுத்தது திமிரால் அல்ல, கணக்கால். மேலாளர் ஸ்டீவ் டாகர் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார்: எது கிடைக்கவில்லையோ அதற்குத்தான் விலை ஏறும். மாதிரிப் பாட்டு ஒலிநாடாவை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பவில்லை. வழக்கமான ராக் அரங்குகளில் ஏறவில்லை. நிகழ்ச்சி எங்கே என்பது வாய்வழிச் செய்தியாக மட்டும் பரவும். 1980 ஜூலையில் தேம்ஸில் நங்கூரமிட்டிருந்த பழைய போர்க்கப்பலான எச்எம்எஸ் பெல்ஃபாஸ்டின் மேல் பாடினார்கள். பிளிட்ஸ் வாசலின் தத்துவத்தை இசை வியாபாரத்துக்கு மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் கிரைசலிஸ் கம்பெனியோடு தங்கள் நிபந்தனைகளில் கையெழுத்து. அந்த ஆண்டு இறுதியில் வந்த முதல் பாடலே ஐந்தாம் இடம்.

விசாஜ் குழு இன்னும் நல்ல சான்று. ஈகனுக்குச் செவ்வாய்தோறும் போடத் தட்டுகள் போதவில்லை. இல்லாத தட்டை நாமே செய்துகொள்வோம் என்று மிட்ஜ் யூரோடு சேர்ந்து தொடங்கியதுதான் அது. பில்லி கரி, டேவ் ஃபார்முலா, ஜான் மெக்கியோக் போன்ற தேர்ந்த வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். முன்னால் நிற்க முகம் வேண்டுமே? ஸ்ட்ரேஞ்ச். அவர்களுடைய 'ஃபேட் டு கிரே' மெட்டு, பாடகர் கேரி நியூமனின் 1979 சுற்றுப்பயணத்தின்போது பில்லி கரியும் கிறிஸ் பெய்னும் வாசித்துப் பார்த்ததிலிருந்து உருவானது. வரிகளை யூர் எழுதினார். பாடலில் வரும் பிரெஞ்சுப் பெண்குரல் ஈகனின் தோழியுடையது. ஆனால் வீடியோவில் அந்த வரிகளுக்கு வாயசைத்தவர் பிளிட்ஸில் எல்லாரும் அறிந்த பிரின்சஸ் ஜூலியா. குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது, முகத்துக்குத்தான் முன்னுரிமை. பிரிட்டனில் எட்டாம் இடம், ஜெர்மனியில் முதலிடம்.

லண்டனை மட்டும் சொன்னால் பர்மிங்ஹாம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். பிராட் ஸ்ட்ரீட்டில் பெரோ சகோதரர்கள் நடத்திய 'ரம் ரன்னர்' விடுதியும் இதே காலத்தில் இதே காய்ச்சலில் இருந்தது. டுரான் டுரான் குழு அங்கேயே வேலை பார்த்து அங்கேயே ஒத்திகை பார்த்தது. நிக் ரோட்ஸ் இசைத்தட்டு போடுவார், ஜான் டெய்லர் வாசலில் நிற்பார், ரோஜர் டெய்லர் கண்ணாடிக் கோப்பைகளைச் சேகரிப்பார், ஆண்டி டெய்லர் சமையல். பாடகர் தேடிக்கொண்டிருந்தபோது 1980 மே மாதம் நாடகம் படித்துக்கொண்டிருந்த சைமன் லெ பான் வந்தார், இளஞ்சிவப்புச் சிறுத்தைப்புள்ளிக் கால்சட்டையில், கையில் கவிதை எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு. கால்சட்டையிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது என் ஊகம்.

பெயர் வந்த பின்

அதுவரை இந்தக் கூட்டத்துக்கு நிலையான பெயர் கிடையாது. 'பிளிட்ஸ் கிட்ஸ்' என்றார்கள், 'பெயரில்லாத கூட்டம்' என்றும் எழுதினார்கள். 1980இல் 'சவுண்ட்ஸ்' பத்திரிகையில் பெட்டி பேஜ் என்ற புனைபெயரில் எழுதியவர் ஸ்பான்டாவ் பாலேயைப் பற்றி எழுதியபோது 'நியூ ரொமான்டிக்' என்ற சொல் தலைப்பேறியது. அந்த ஆண்டிலேயே 'தி ஃபேஸ்', 'ஐ-டி' என்ற இரண்டு பத்திரிகைகள் தொடங்கின. பாட்டைப் பற்றி எழுதும் பத்திரிகையில் ஏன் உடையைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதக்கூடாது என்று கேட்ட பத்திரிகைகள் அவை. பெயர் வந்துவிட்டால் இயக்கம் முடிந்தது என்று அர்த்தம். பெயர் சூட்டப்பட்ட அதே இலையுதிர் காலத்தில் பிளிட்ஸ் செவ்வாய்கள் நின்றுபோயின.

1981இல் கரைபுரண்டது. மார்ச் மாதம் விவியன் வெஸ்ட்வுட் ஒலிம்பியா அரங்கில் 'பைரேட்' என்ற கடற்கொள்ளையர் உடைத் தொகுப்பை நடைமேடையேற்றினார். பங்க் உடைகளை உருவாக்கிய அதே வெஸ்ட்வுட், கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண் கடையை, 13 மணி காட்டிப் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தோடு 'வேர்ல்ட்ஸ் எண்ட்' ஆக்கியிருந்தார். பாடகர் ஆடம் ஆன்ட் மூக்கின்மேல் வெள்ளைக் கோடு இழுத்து, குதிரைப்படை அதிகாரியின் ஜரிகைச் சட்டையில், இரண்டு ட்ரம்ஸ் முழங்க வந்தார். தன்னை நியூ ரொமான்டிக் என்று அழைத்தால் அவருக்குக் கோபம் வரும். அவர் பிளிட்ஸ் ஆளும் அல்ல. ஆனால் ஊரிலிருக்கும் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியுமா? மூக்கில் கோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஜூலையில் இளவரசர் சார்லஸைக் கைப்பிடித்த டயானாவின் கல்யாண உடையே பஃப் கையும் கொசுவமுமாக இருந்தது. அதைத் தைத்த இமானுவேல் தம்பதிக்கும் பிளிட்ஸுக்கும் நேரடி உறவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைக் காட்ட இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. 24 மணி நேரமும் காட்ட வீடியோ வேண்டும். அமெரிக்க ராக் குழுக்களிடம் அவ்வளவு வீடியோ இல்லை. பிரிட்டனில் உடையையே முதலாக வைத்துக் கிளம்பியவர்களிடம் கட்டுக்கட்டாக இருந்தது. டுரான் டுரான் இதில் கெட்டிக்காரர்கள். 1982இல் இயக்குநர் ரஸல் முல்கஹியோடு இலங்கைக்குப் போய் ஒரே மூச்சில் மூன்று பாடல்களைப் படமாக்கினார்கள். சிகிரியாக் குன்றும் பொலன்னறுவை இடிபாடுகளும் தென்கரையும் அவற்றில் வருகின்றன. ஆண்டி டெய்லர் அங்கே நீரில் விழுந்து, பிறகு நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். லண்டன் கீழ்த்தளத்தில் தொடங்கிய ஜோடனை இப்படியாகச் சிகிரியா உச்சி வரை போய்ச் சேர்ந்தது.

குற்றச்சாட்டு

இடதுசாரி மனநிலை கொண்ட இசைப் பத்திரிகையாளர்கள் இவர்களைத் தாட்சரின் பிள்ளைகள் என்றார்கள். வேலையில்லாமல் ஊர் வாடும்போது இவர்கள் பட்டு உடுத்துகிறார்கள், அரசியல் பேசவில்லை, வாசலில் நின்று ஆளைத் தரம் பிரிக்கிறார்கள். பிரிக்ஸ்டனிலும் லிவர்பூலிலும் கலவரத்தில் தெருக்கள் எரிந்த 1981இல் இந்தக் குற்றச்சாட்டு சுருக்கென்று குத்தியிருக்கும். பிளிட்ஸ் கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர் கூட்டமாகவே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'தாட்சரின் பிள்ளைகள்' என்பது கணக்குத் தெரியாதவர்கள் சொல்வது. இவர்கள் பிழைத்தது எதில்? அரசு கொடுத்த கல்வி உதவித்தொகையில், வேலையில்லாதோர் படியில், பூட்டிக் கிடந்த வீடுகளில், சந்தை வெளியேறிய பேட்டையின் மலிவு வாடகையில். இவை எல்லாம் தாட்சருக்கு முந்தைய பிரிட்டன் விட்டுச்சென்றவை. அவருடைய காலத்தில் ஒவ்வொன்றாகத் தேய்ந்தவை. பிள்ளைகள் என்றால் இவர்கள் பழைய நலவாழ்வு அரசின் கடைக்குட்டிகள். பின்னாளில் சிலர் பணக்காரர்களாகித் தாட்சர் காலத்தின் பளபளப்புக்கு விளம்பரமானார்கள் என்பது வேறு விஷயம்.

அரசியல் பேசவில்லை என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். கண்மையும் பாவாடையும் அணிந்து இரவு பஸ்ஸில் வீடு திரும்பிய பையன் அடிவாங்கும் சாத்தியத்தோடுதான் ஏறினான். 1982 இலையுதிரில் பாய் ஜார்ஜ் டாப் ஆஃப் தி பாப்ஸில் கல்ச்சர் கிளப் குழுவோடு தோன்றியபோது, அது ஆணா பெண்ணா என்று நாடே கேட்டது. வீட்டுக் கூடத்தில் மறுபடி ஓர் அப்பா முகம் சுளித்தார். மறுபடி ஒரு பிள்ளை கண்கொட்டாமல் பார்த்தது. பாடல் முதலிடம்.

வாசல் பெரிதானபோது

ஸ்ட்ரேஞ்சும் ஈகனும் பிளிட்ஸுக்குப் பின் வேறு விடுதிகளை நடத்திப் பார்த்துவிட்டு, 1982இல் கேம்டன் பேலஸைத் தொடங்கினார்கள். 1900இல் கட்டிய பெரிய நாடக அரங்கம். அவ்வளவு பெரிய கூடத்தை நிரப்ப வேண்டுமானால் வாசலில் ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள், ஜீன்ஸ் போட்டவர்களும் வந்தார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் வாராவாரம் புது வேடம் கட்ட வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. அதற்குள் ஸ்பான்டாவ் பாலே கொசுவச் சட்டையைக் களைந்துவிட்டு நன்கு தைத்த சூட்டுக்கு மாறியிருந்தது. 1983இல் அவர்கள் முதலிடம் பிடித்தது மென்மையான ஒரு காதல் பாட்டோடு. பழைய கூட்டம் வேறு நிழல்களைத் தேடிப் போனது. 1982இல் கறுப்பு உடைக்காரர்களுக்குப் 'பேட்கேவ்', 1985இல் ஆஸ்திரேலியரான லீ பவரியின் 'டபூ' என்று புதிய விடுதி இரவுகள். வேடம் கட்டுவதில் பிளிட்ஸைத் தூக்கிச் சாப்பிட்டவர் பவரி. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பணம் வந்த இடத்தில் வழக்கும் வந்தது. பாட்டு எழுதிய உரிமைத்தொகையில் பங்கு கேட்டு ஹேட்லி, நார்மன், கீபிள் மூவரும் கேரி கெம்ப்மீது தொடுத்த வழக்கு 1999இல் தோற்றது. நீதிமன்றம் எழுதியவன் யார் என்று மட்டும் கேட்டது. அந்தப் பாட்டுக்கு முன்பே உருவாகியிருந்த கூட்டத்துக்கும் உடைக்கும் தோரணைக்கும் யார் பெயரில் பட்டா எழுதுவது?

உடைக்காரர்கள் நீடித்தார்கள். ஸ்டீபன் ஜோன்ஸ் இன்றும் தொப்பி செய்கிறார், பாரிஸின் பெரிய உடைநிறுவனங்களுக்கும் டயானாவுக்கும் செய்தவர். 2025 செப்டம்பரில் லண்டன் டிசைன் மியூசியம் பிளிட்ஸுக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தபோது, அலமாரிகளில் நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தியிருந்த சட்டைகளும் தொப்பிகளும் வெளியே வந்தன. பிளிட்ஸில் நானும் இருந்தேன் என்று சொல்பவர்கள் எல்லாரும் உண்மையாகவே இருந்திருந்தால், அந்தச் சின்ன விடுதிக்கு அல்ல, ஒரு கால்பந்து மைதானத்துக்கு உரிமம் வாங்கியிருக்க வேண்டும்.

ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சுக்குக் காலம் இரக்கம் காட்டவில்லை. ஹெராயின் பழக்கத்தில் பணமும் பெயரும் கரைந்தன. மீண்டு வந்து, விசாஜ் என்ற பெயரில் மறுபடியும் பாடினார். 2015 பிப்ரவரி 12 அன்று எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் மாரடைப்பால் இறந்தபோது வயது 55. வேல்ஸின் கடற்கரை ஊரான போர்த்காலில் அடக்கம் நடந்தது. பெட்டியைத் தோளில் சுமந்து தேவாலயத்துக்குள் நுழைந்தவர்களில் ஸ்பான்டாவ் பாலேயின் மார்ட்டின் கெம்ப் இருந்தார். கூடவே, உயரமான தொப்பி அணிந்து, ஒரு காலத்தில் பிளிட்ஸில் கோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த பாய் ஜார்ஜும்.